நாற்றம் போன தண்ணீர்

கார்த்திக், எங்கள் குடியிருப்பின் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் எங்களுக்குக் கார்பன் ஃபில்டரை விற்றாய்.

மற்றவர்கள் இதைப் படித்து முழிக்க வேண்டாம். விஷயத்தைச் சொல்கிறேன். தண்ணீர் ஃபில்டர் விற்கும் நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும், 'பாசிட்டிவாக' இருக்க வேண்டும் என்று எனக்குச் செய்தி வந்தது. நான் தி.நகர் கிளையில் சர்வே பிரிவில் இருந்தவள். ஒரு வீட்டுக்குப் போய், அங்கே என்ன தண்ணீர் வருகிறது, எந்த ஃபில்டர் சரிப்படும், ஒன்றுமே வேண்டாமா என்று பார்த்துச் சொல்வதுதான் சர்வே. கார்த்திக்குக்கு அந்த வேலையைப் பழக்கியவள் நான். இப்போது அவன் விற்பனைத் தலைவர். போன வருடம் அதிகம் விற்றதற்காகக் கோப்பை வாங்கினான். புத்தகம் வெளியாகும் நாளில் உங்களுக்கு வகுப்பு எடுக்கப்போவதும் அவன்தான்.

எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். பாசிட்டிவாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. கேட்டுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் தொட்டி, நாம் சம்ப் என்கிறோமே, அது இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் வரும் தண்ணீரும், எங்கள் போர் தண்ணீரும் அதில்தான் விழும். அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் இறங்கும். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஆர்ஓ சுத்திகரிப்பான் மாட்டியிருக்கிறது. ஆகவே குடிக்கும் தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரர்கள் யாருக்கும் கவலை கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் வாட்ச்மேன் அறையில் மட்டும் ஆர்ஓ இல்லை. அங்கே கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

வாட்ச்மேன் பெயர் சேகர். அவன் மனைவி தேவி. இரண்டு பேரும் அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆற்றோரத்தைக் காலி செய்தபோது ஊருக்கு வெளியே எங்கேயோ வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்துபோக முடியாமல் எங்கள் கட்டடத்திலேயே தங்கிவிட்டார்கள். தேவி மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். என் வீடும் அதில் ஒன்று. நான் சொல்லும் சமயத்தில், கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டாகி, அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம். குளியலறைக் குழாயில் நாற்றம் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. கொரோனா வந்துபோனதிலிருந்து என் மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் ஃபினாயிலும் எனக்கு ஒன்றுதான். வேலை பார்த்த காலம் முழுக்கத் தண்ணீரை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்கினவளுக்கு இப்படி ஆகிவிட்டது. யாரிடமும் நான் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

எங்கள் செகரட்டரி தி.நகரில் சேலைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. படியேறி என் வீட்டுக்கு வந்தார்.

"யம்மா, நீங்கதான் தண்ணி கம்பெனில இருந்தவங்க. என்ன மிஷின் போடணும்னு சொல்லுங்க. குரூப்ல ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லுதாங்க. ஒருத்தரு சாஃப்ட்னர்ங்காரு, ஒருத்தரு மணலுங்காரு. எனக்கு மண்டை காயுது."

"மிஷின் வேணுமான்னே இன்னும் தெரியாது அண்ணாச்சி. முதல்ல ஆள் வந்து பார்க்கட்டும். எங்க பழைய ஆபீஸ் பையன் ஒருத்தன் இருக்கான். பார்த்துச் சொல்லுவான். வேண்டாம்னா வேண்டாம்னும் சொல்லுவான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கழுத்தை நிமிர்த்திச் சொன்னேன்.

ஏன் நிமிர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். கார்த்திக் பழகுநராக என் பின்னால் அலைந்த காலத்தில் அடையாறில் ஒரு வீட்டுக்குப் போனோம். தண்ணீர் பழுப்பாக வருகிறது, வீடு முழுவதற்கும் பெரிய ஃபில்டர் வேண்டும் என்றார்கள். கையில் காசோலை தயாராக இருந்தது. மாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், உள்ளே இறங்குவதற்காக வைத்த இரும்பு ஏணி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஏணியை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள், ஃபில்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, நீ என்ன ஏணி கம்பெனிக்கு ஏஜெண்டா?" ஆபீஸே சிரித்தது. கார்த்திக் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "மேடம், நாம செஞ்சதுதானே கரெக்ட்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நம்பித்தான் அண்ணாச்சியிடம் அவன் நம்பரைக் கொடுத்தேன்.

அவன் சர்வேக்கு வந்த காலையில் நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். கார்த்திக் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்தான். எல்லார் முன்னாலும் குனிந்து என் காலைத் தொட்டான். "மேடம் ட்ரெயின் பண்ண பையன் நான். இவங்க முன்னாடி நின்னு தப்பா ஒரு வார்த்தை பேச முடியுமா?" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என் கையைக் கிள்ளினாள். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. என் கால் அவனுக்கு விளம்பரப் பலகையாக இருந்திருக்கிறது.

நன்றாகத்தான் விளக்கினான். மணல் ஃபில்டர் கலங்கலை எடுக்கும், சாஃப்ட்னர் உப்புக்கறையைக் குறைக்கும், கார்பன் என்றால் கரி, அது நாற்றத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கு வேண்டியது கார்பன் என்றான். முடி கொட்டுகிறது என்று ஒருத்தி சாஃப்ட்னர் கேட்டாள். மூன்றாம் மாடி மாமா கையைத் தூக்கினார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

"எனக்கு ஒரே ஒரு டவுட்டுதான். குளிக்கறச்சே நாத்தம் வராதோன்னோ? ஆத்துக்கு நாலு பேர் வந்தா மானம் போறது."

"மாமா, மிஷின் போட்ட மறுநாள் நீங்களே எனக்கு போன் பண்ணி தேங்க்ஸ் சொல்லப் போறீங்க பாருங்க."

அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்தார். "உங்க ஆளு நல்லா பேசுதான். நம்ம கடையில சேலை விக்க விட்டா சாயங்காலத்துக்குள்ள சரக்கு காலி."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சர்வேக்குப் போகும் எவரும் முதலில் கேட்க வேண்டியது அதுதான். இதைப் படிக்கும் புதியவர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்போது நாறுகிறது என்று கேட்க வேண்டும். எந்நேரமும் நாறினால் போர் தண்ணீரில் கோளாறு இருக்கும், அதற்கு ஃபில்டர் உண்டு. தெருக்குழாய்த் தண்ணீர் வரும் நாளில் மட்டும் நாறினால், மண்ணுக்கடியில் குழாய் விரிந்து பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது. அதற்கு நம்மிடம் ஃபில்டர் கிடையாது. தோண்டிக் குழாயை மாற்ற வேண்டும். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும்தான் அங்கே வேலை.

"நாறுற நேரம் கேட்டியா?" என்றேன்.

"கேட்காம இருப்பேனா மேடம்? நீங்க சொல்லிக் கொடுத்தது. எந்நேரமும் அடிக்குது. முழுக்க போர் தண்ணி பிரச்சினைதான்."

முகத்தைப் பார்த்துச் சொன்னான். எனக்கு மூக்கு இல்லை. அவன் வாயை நம்பினேன்.

அடுத்த வாரமே சம்புக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவில் நீல நிறத்தில் ஆளுயரச் சிலிண்டர் வந்து நின்றது. மறுநாள் நாற்றம் போய்விட்டது. கார்த்திக் சொன்னபடியே மாமா அவனுக்கு போன் போட்டு நன்றி சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. பாதி எனக்கு. அண்ணாச்சி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சிலிண்டரைப் பொருத்திய அன்று கார்த்திக் வாட்ச்மேன் அறை வாசலில் நின்றிருக்கிறான். தேவி கேன் தண்ணீரைத் தூக்க முடியாமல் காலால் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறான். "அக்கா, இந்த நிலைமையில எதுக்கு இதைத் தூக்குறீங்க? இனிமே கேனே வேணாம். இந்தக் குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம். மேடம் கம்பெனி மிஷின்" என்று சொல்லியிருக்கிறான். அவள் அன்றோடு கேனை நிறுத்தினாள். எனக்கு இது பிற்பாடு சேகர் சொல்லித்தான் தெரிந்தது.

வெயில் ஏறத் தொடங்கியபோது தேவி வேலைக்கு வருவது குறைந்தது. வாந்தி என்றாள், பிள்ளைத்தாய்ச்சிக்கு இருப்பதுதானே என்று மூன்று வீட்டுக்காரர்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் என் சிங்க் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருந்தது. நானே ஆட்டோ பிடித்து அனுப்பினேன். அரசு மகப்பேறு மருத்துவமனையில் மஞ்சள் காமாலை என்று சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு அந்த நோய் வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஈரல் கெட்டுவிட்டது, எதுவும் சொல்ல முடியாது என்று சேகரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

துணி எடுத்துப்போக அவன் வந்தபோது கேட்டின் அருகே பார்த்தேன்.

"டாக்டர் என்னப்பா சொன்னாங்க?"

"இன்னா தண்ணி குட்ச்சன்னு கேட்டாங்க மேடம். எங்க பில்டிங்ல பெரிய மிஷின் போட்டுக்கீதும்மா, எங்க மேடம் கம்பெனிது, சுத்தமான தண்ணின்னு சொன்னேன். அப்போ வெளிய ஜூஸு கீஸு குட்ச்சிருப்பான்னு எய்திகினாங்க. அது எங்க மேடம் வெளிய போச்சு? வூட்லயேதான் இருந்துச்சு." துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான். "தண்ணி விசயத்துல நீங்க இருக்கங்காட்டியும் எங்களுக்கு ஒரு பயமும் இல்ல."

என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை கொடுத்த அவமானத்தை அவை எதுவும் கொடுக்கவில்லை. பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது, அவளைக் கெடுத்த தண்ணீருக்கு அவன் ஆஸ்பத்திரியில் போய் நற்சான்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். என் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் அடுத்த காலை, விடிந்ததும் கீழே இறங்கினேன். ஃபில்டருக்குள் போவதற்கு முன்னால் ஒரு குழாய் உண்டு. அதைத் திறந்து ஒரு மக்கில் பிடித்தேன். ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீரை இன்னொரு மக்கில் பிடித்தேன். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருந்தன. எனக்கோ மூக்கு இல்லை. நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய அண்ணாச்சியைப் பிடித்து நிறுத்தினேன்.

"இதை மோந்து பாருங்க."

ஃபில்டர் தண்ணீரை மோந்தார். "நல்லா இருக்கே."

"இப்ப இது."

முகத்தைப் பட்டென்று திருப்பிக்கொண்டார். "ஏ, இது சாக்கடைல்லா."

"ரெண்டும் ஒரே தண்ணி அண்ணாச்சி. ஒண்ணுல நாத்தத்தை மட்டும் எடுத்திருக்கு."

அவர் பார்வை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிமெண்ட் மூடிக்குப் போய்த் திரும்பியது. நான் போய் மூடியைத் தள்ளினேன். உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்குழாயிலிருந்து நேராகத் தண்ணீரை உறிஞ்சும்படி மாட்டியிருந்தது. அப்படி மாட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட மோசம், விரிசல் உள்ள குழாயை மோட்டார் வைத்து உறிஞ்சினால் தண்ணீரோடு சுற்றியுள்ள மண்ணில் ஊறி நிற்கும் சாக்கடையும் உள்ளே வரும்.

"எவ்வளவு நாளா?"

"எல்லா பில்டிங்லயுந்தான் இழுக்காங்க. நாம மட்டும் ஒழுங்கா இருந்தா சொட்டுத் தண்ணி வருமா? அப்புறம் குரூப்ல என்னையத்தான் கிழிப்பாங்க."

"தேவிக்கு மஞ்சள் காமாலை எங்கேருந்து வந்ததுன்னு இப்ப புரியுதா?"

அண்ணாச்சி அப்படியே கேட் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களும் அந்தத் தண்ணீரில்தான் பல் தேய்த்தார்கள். மூன்றாம் மாடி மாமா வீட்டில் அதற்கு முந்தைய மாதம் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு. கல்யாணச் சாப்பாட்டில் பருப்புசிலி சரியில்லை என்று சமையல்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அந்த சார்க்கு இது தெரியுமே மேடம்."

"எந்த சார்?"

"உங்க ஆளு. டெஸ்ட் பண்ண வந்த அன்னிக்கு, எப்போ நாறுதுன்னு கேட்டாரு. பைப்பு தண்ணி வர்ற அன்னிக்குத்தான் சார் கப்பு தாங்கல, போரு தண்ணி ஒண்ணும் இல்லன்னு தேவிதான் சொல்ச்சு. அப்பால அந்த மூடிய நான்தான் தொறந்து காட்னேன். மோட்டார பாத்து சிரிச்சாரு. செகரட்டரிக்கு தெரியுமான்னாரு. அவுருதான் சார் வெச்சாருன்னேன். சரி சரி, மூட்ருன்னு பூட்டாரு."

கார்த்திக், நான் உனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறாய். சரியான பதிலும் கிடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து கண்ணாலும் பார்த்திருக்கிறாய். அதற்குப் பிறகுதான் கார் நிறுத்துமிடத்தில் நின்று என் முகத்தைப் பார்த்து எந்நேரமும் நாறுகிறது என்றாய். உனக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு மானக்கேடு.

அன்றே கார்த்திக்குக்கு போன் செய்தேன். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மறுப்பதாக இருந்தால் மறுக்கட்டும்.

"மேடம், நம்ம மிஷின்ல தப்பே இல்லையே. ஸ்மெல் வருதுன்னு கம்ப்ளெய்ண்ட். ஸ்மெல் போயிடுச்சு."

"தேவிகிட்ட கேன் வேணாம்னு சொன்னியா?"

"ஒரு ஃப்ளோல சொல்லியிருப்பேன் மேடம். அவங்க குடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? எல்லா வீட்லயும் ஆர்ஓ இருக்குன்னுதானே கணக்கு எடுத்தோம்."

"அவ வீடு கணக்குல இல்லையா?"

அவன் குரல் மாறியது.

"சரி மேடம், நான் உண்மையைச் சொல்லிட்டேன்னே வெச்சுக்கோங்க. அவரு மோட்டாரை எடுத்திருப்பாரா? என்னை அனுப்பிட்டு வேற கம்பெனியைக் கூப்பிட்டிருப்பாரு. அவன் இதே கார்பனைப் போட்டுட்டுப் போயிருப்பான். எனக்கு அந்த மாசம் டார்கெட் போயிருக்கும். வேற என்ன மாறியிருக்கும் சொல்லுங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மேல ஒரு யூவி லைட் போட்டுடலாம், கிருமியெல்லாம் செத்துடும். உங்களுக்காக நான் பேசிக் குறைச்சுத் தரேன்."

நான் போனை வைத்துவிட்டேன். யூவி விற்கிறான்.

புதியவர்களே, அவன் சொன்னது உங்களுக்கு நியாயமாகப் பட்டிருக்கும். எனக்கும் அதைக் கேட்டவுடன் அப்படித்தான் பட்டது. பிறகு யோசித்தேன். வேறொருவன் வந்து போட்டிருப்பான் என்பது நிஜம்தான். ஆனால் அந்த வேறொருவனை அண்ணாச்சி பாதி சந்தேகத்தோடு பார்த்திருப்பார். தேவி அவன் பேச்சைக் கேட்டு கேனை நிறுத்தியிருக்க மாட்டாள். கார்த்திக், நீ தெரிந்தவன், மேடத்தின் ஆள் என்பதால்தான் நிறுத்தினாள். நம்பிக்கை இருக்கும் இடத்தில் பொய் சொன்னால் அது முழுசாக வேலை செய்யும். அண்ணாச்சி மோட்டாரை எடுத்திருக்க மாட்டார் என்பது பொய். இரண்டு மக்கை மோந்த அன்றே எடுத்தார். தெருக்குழாய்த் தண்ணீரை ஒரு மக்கிலும் போர் தண்ணீரை ஒரு மக்கிலும் பிடித்து உன்னால் அவர் முன்னால் நீட்டியிருக்க முடியாதா? சர்வேக்கு வந்த காலையில் உன்னிடம் மூக்கும் இருந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வகுப்பில் இதைச் சொல்வார்களா என்று தெரியவில்லை. தெருக்குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். கார்பன் நாற்றத்தைப் பிடிக்கும்போது அந்தக் குளோரினையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிருமியை விட்டுவிடும். ஆக, சாக்கடை கலந்த தண்ணீருக்கு நம் சிலிண்டர் செய்தது இரண்டு காரியம். கொஞ்சநஞ்சம் இருந்த மருந்தை எடுத்தது. குடிக்காதே என்று எச்சரித்துக்கொண்டிருந்த நாற்றத்தையும் எடுத்தது. முன்பு அந்தக் குழாயைத் திறந்தால் தேவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள். நாம் வந்து அதைக் குடிக்கத் தக்கதுபோல் ஆக்கிக் கொடுத்தோம்.

நிறுவனத்துக்கு எழுதினேன். 'கருவி பரிசோதிக்கப்பட்டது, பழுது ஏதுமில்லை' என்று பதில் வந்தது. சரியான பதில்தான். பழுது இல்லை. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவர் என்னோடு பல வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர். கீழே கையால், "உடம்பைப் பார்த்துக்கோங்க மேடம்" என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் இந்தப் பாசிட்டிவ் கட்டுரை கேட்டுச் செய்தி வந்தது.

மோட்டாரை எடுத்தாயிற்று. தெருவைத் தோண்டிக் குழாயை மாற்றினார்கள். சம்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். அதுவரை லாரித் தண்ணீர். குரூப்பில் செலவைப் பற்றி முணுமுணுத்தவர்களும் உண்டு. மாமா மட்டும் கீழே இறங்கி வந்து என்னிடம், "நாங்க எல்லாரும் எங்காத்துல நாத்தம் வராம இருந்தா போறும்னு நெனச்சோம், இல்லியா?" என்றார். நானும் அந்தக் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான்.

தேவி பிழைத்தாள். அவள் ஈரல் தேறிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். பிள்ளை நாள் நிரம்புவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, போன வாரம்தான் கையில் கொடுத்தார்கள். என் முழங்கை நீளம்கூட இல்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில், பிள்ளைக்குக் குளிருமென்று ஃபேனைக் கூடப் போடாமல் மூன்று பேரும் இருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை சேகர் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கொயந்தைய இனிமே குளிப்பாட்லாம்னு நர்ஸு சொன்னாங்க மேடம். எந்தத் தண்ணில குளிப்பாட்றது?"

"குழாய்த் தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக்கோப்பா. இப்ப அது நல்ல தண்ணிதான். லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணியாச்சு."

"அன்னிக்கும் அப்டித்தான மேடம் சொன்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. தெரியாமல்தான் கேட்டான். கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொள் என்றேன். "சரி மேடம்" என்று இறங்கிப் போனான். தண்ணீர் பார்த்துச் சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான். நல்ல தண்ணீரை நல்ல தண்ணீர் என்று சொன்னேன், என் வாசலில் நின்றவன் நம்பவில்லை. அவன் நம்பாதது சரி. இனி உங்களில் யார் போய்ச் சொன்னாலும் நம்ப மாட்டான்.

புதியவர்களே, சர்வேக்குப் போனால் நாறும் நேரத்தைக் கேளுங்கள், தரையில் இருக்கும் எல்லா மூடிகளையும் திறந்து பாருங்கள், அந்தக் கட்டடத்தில் குழாய்த் தண்ணீரை நேராகக் குடிப்பவர் யார் என்று போய்ப் பார்த்துப் பேசுங்கள். இவ்வளவுதான் என் அனுபவம். மீதியை உங்கள் வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையைப் புத்தகத்தில் போடாவிட்டால் நிறுவனத்தின் எல்லாக் கிளைகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் நானே போடுவேன். ஒரு வரியை வெட்டினாலும் போடுவேன்.

கார்த்திக், உன் வகுப்பு நடக்கும் நாளில் சேகரை நான் அழைத்து வருகிறேன். அவன் முதல் வரிசையில் உட்காருவான். நீ மேடை ஏறியதும் திரையில் படம் போடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடி. என்னைப் பார்க்காதே, என் காலைத் தொட வராதே. அவனைப் பார்த்து, அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல். மூடியைத் திறந்து அந்த மோட்டாரைப் பார்த்த பிறகு, பிள்ளையைச் சுமந்துகொண்டு நின்ற அவன் மனைவியிடம், எதை வைத்து 'அப்படியே குடிக்கலாம்' என்றாய்?